பூஜ்யத்துக்கு இடப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர்

28.38 நொடி. கல்லூரியில் நான் எழுதிய முதல் பொய் இந்த எண்தான்.

பட்டப்படிப்பில் சேர்ந்து ஆறாவது வாரம். இயற்பியல் செய்முறை வகுப்பு. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறிய வேண்டும். ஒரு நூல், அதன் நுனியில் கொக்கி வைத்த உலோகக் குண்டு, கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். இவ்வளவுதான் கருவிகள். நூலின் நீளத்தை 50 சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே ஒரு மீட்டர் வரை போக வேண்டும். ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். விடை என்னவென்று வகுப்பில் எல்லோருக்கும் முன்பே தெரியும். 9.8. பள்ளிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த எண்.

எனக்கு முதல் நீளத்துக்கு 9.39 வந்தது. அடுத்ததற்கு 9.49. ஒரு மீட்டர் நீளத்துக்கு 9.58. இடையில் வந்தவையும் 9.5-ஐச் சுற்றியே நின்றன. ஒன்றுகூட 9.8-ஐத் தொடவில்லை. என் ஆய்வகத் தோழி இரண்டு முறை திரும்ப எண்ணிப் பார்த்தாள். அலைவுகளின் எண்ணிக்கையில் தவறில்லை. வகுப்பு முடிய அரை மணி நேரம்தான் இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அப்போது நான் செய்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டேன். 9.8 வர வேண்டுமானால் 50 சென்டிமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டேன். 28.38 வந்தது. அட்டவணையில் பென்சிலால் எழுதியிருந்த 29.0-ஐ ரப்பரால் அழித்துவிட்டு அந்த இடத்தில் 28.38 என்று எழுதினேன். ஒரு மீட்டருக்கு 40.6 இருந்தது. அதை அழித்து 40.14 ஆக்கினேன். இடையில் இருந்த நான்கையும் அப்படியே. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சராசரி 9.80 என்று அடிக்கோடிட்டேன். மனம் உறுத்தியதா என்று கேட்டால், இல்லை. நிம்மதியாக இருந்தது. விடை சரியாக வந்துவிட்டதே!

ஆசிரியர் நோட்டை வாங்கினார். அட்டவணையைப் பார்த்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார்.

"இந்தக் கடிகாரத்தின் மீச்சிற்றளவு என்ன?"

"0.2 நொடி, சார்."

"அப்படியானால் 28.38-ஐ எந்த முள் காட்டியது?"

எனக்கு வாய் திறக்கவில்லை. அந்தக் கடிகாரத்தில் ஒரு நொடிக்கு ஐந்து கோடுகள்தான். 28.2 காட்டும், 28.4 காட்டும். அவற்றுக்கு நடுவே 28.38 என்று சொல்ல அதனால் ஆகாது. பொய் சொன்னதோடு, அந்தக் கருவியால் சொல்லவே முடியாத பொய்யை அதன் வாயில் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் திட்டவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். தாளைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தார். நான் எப்போதும் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். கரி போயிருந்தாலும் பள்ளம் போகவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் பள்ளங்களில் நிழல் விழுந்தது. "இருபத்தொன்பது. முப்பத்தொன்று புள்ளி ஆறு. முப்பத்து நான்கு" என்று ஒவ்வொன்றாகப் படித்தார். ஆறு எண்களையும் படித்து முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, "இவை நல்ல அளவீடுகள். இவற்றை ஏன் அழித்தாய்?" என்று கேட்டார்.

நல்ல அளவீடுகள்! அந்தச் சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை.

"விடை தப்பாக வந்தது, சார்."

"தப்பாக வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தாய்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மதிப்பெண் குறைப்பார் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக அது இருந்தது. பள்ளியில் செய்முறைத் தேர்வுக்கு முன்பே விடைகளைப் பரிமாறிக்கொள்வோம். மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும். விடை சரியாக இருந்தால் போதும், எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தைச் சுமந்துகொண்டுதான் கல்லூரிக்குள் நுழைந்திருந்தேன்.

அவர் ஒரு வரைபடத் தாளைக் கொடுத்து, அழித்த எண்களை வைத்தே வரையச் சொன்னார். படுக்கை அச்சில் நீளம், செங்குத்து அச்சில் அலைவு நேரத்தின் வர்க்கம். ஆறு புள்ளிகளையும் குறித்தேன். அளவுகோலை வைத்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்தன. எனக்கே வியப்பாக இருந்தது. தப்பென்று தூக்கிப்போட்ட எண்கள் இவ்வளவு ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றனவே!

"கோட்டைப் பின்னால் நீட்டு" என்றார்.

நீட்டினேன். நீளம் பூஜ்யமென்றால் நேரமும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எனவே கோடு இரு அச்சுகளும் சந்திக்கும் மூலையைத் தொட வேண்டும். தொடவில்லை. மூலையைத் தாண்டி, படுக்கை அச்சை இடப்பக்கம் வெட்டியது. பூஜ்யத்துக்கு இடப்பக்கம் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில்.

"இந்த இரண்டு சென்டிமீட்டர் எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டு வேறு மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

நாங்கள் இருவரும் அந்த ஊசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் இருக்கும். முதலில் கண்டுபிடித்தவள் என் தோழிதான். நாங்கள் நூலை மட்டும் அளந்திருந்தோம், மேலே கட்டிய இடத்திலிருந்து கீழே முடிச்சு வரை. ஊசலின் நீளம் குண்டின் மையம் வரை போகிறது. வெர்னியரை எடுத்துக் குண்டின் விட்டத்தை அளந்தோம். 3 சென்டிமீட்டர். பாதி 1.5. கொக்கி அரை சென்டிமீட்டர். சேர்த்தால் 2.

காணாமல் போன இரண்டு சென்டிமீட்டரை அந்தக் கோடு எங்களுக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தது. கோட்டின் சாய்விலிருந்து கணக்கிட்டால் 9.78 வந்தது. நீளத்தில் நாங்கள் விட்ட பிழை எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவாக இருந்ததால் கோட்டை இடம் மாற்றியதே தவிர, அதன் சாய்வைத் தொடவில்லை. நீளம் குறைவாக இருந்தபோது 9.39, கூடக் கூட 9.58 என்று விடை ஏறிக்கொண்டு போனதன் காரணமும் புரிந்தது. 50 சென்டிமீட்டரில் இரண்டு விட்டுப்போனால் பெரிய ஓட்டை. நூறில் விட்டுப்போனால் சிறிய ஓட்டை.

என் திருத்திய எண்களை வைத்து வரைந்திருந்தால்? கோடு கச்சிதமாக மூலையைத் தொட்டிருக்கும். அதில் கண்டுபிடிக்க எதுவுமே இருந்திருக்காது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "இனி பேனாவில் எழுது. தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடி. அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும்."

மூன்று வருடக் கல்லூரி வாழ்க்கையில் நான் கற்றதாக இன்று சொல்லிக்கொள்ளக்கூடியவை பெரும்பாலும் அந்த ஒற்றைக் கோட்டிலிருந்துதான் கிளைத்தன.

அடுத்த வாரம் அவர் வகுப்பில் ஒரு கதை சொன்னார். 1672-ல் ஜான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்கு ஊசல் கடிகாரத்தோடு போனார். பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் குறைத்த பிறகே நேரம் சரியானது. பயணத்தில் கடிகாரம் கெட்டுவிட்டது என்று சொல்லி அவர் அதை விட்டிருக்கலாம். அவர் பல மாதங்கள் திரும்பத் திரும்ப அளந்து, அளந்ததை அப்படியே எழுதிவைத்தார். 1687-ல் நியூட்டன் அந்த எண்களை எடுத்துக்கொண்டு, பூமி முழு உருண்டை இல்லை, நடுவில் புடைத்தும் துருவங்களில் தட்டையாகவும் இருக்கிறது என்ற தன் வாதத்துக்குச் சான்றாக வைத்தார். நான் எண்களை வளைத்துக் கொண்டுவந்து நிறுத்திய அந்த 9.8-கூட எல்லா இடத்துக்கும் பொதுவான எண் இல்லை. நிலநடுக்கோட்டில் கடல் மட்டத்தில் 9.78, துருவத்தில் 9.83. அதை அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன். பள்ளியில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடையை முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு அளக்கும் பழக்கம் என்னைப் போன்ற முதலாண்டு மாணவிக்கு மட்டும் உரியதில்லை என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த ராபர்ட் மில்லிகன் 1913-ல் வெளியிட்ட மதிப்பு, உண்மையைவிட அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவாக இருந்தது. காற்றின் பாகுநிலைக்கு, அதாவது அது துளியின் நகர்வை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு, அவர் எடுத்துக்கொண்ட எண் கொஞ்சம் பிசகியிருந்ததுதான் காரணம். இது யாருக்கும் நேரக்கூடியது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் 1974-ல் ரிச்சர்ட் ஃபெயின்மன் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகப் பட்டமளிப்பு விழாவில் சொன்னார். அடுத்தடுத்து அளந்தவர்களின் மதிப்புகள் ஒரே தாவலில் சரியான இடத்துக்குப் போகவில்லை. மில்லிகனின் எண்ணிலிருந்து கொஞ்சம், அதிலிருந்து இன்னும் கொஞ்சம் என்று நகர்ந்து நகர்ந்துதான் போயின. மில்லிகனின் எண்ணைவிட மிக அதிகமாக வந்தால், எங்கே தவறு செய்தோம் என்று காரணம் தேடினார்கள். அவர் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. இதைப் படித்தபோது என் ஆய்வக மேசையும் ரப்பரும் கண்முன் வந்து நின்றன.

இதில் கல்லூரிகள் மீது எனக்கு இன்றும் தீராத மனக்குறை உண்டு. செய்முறைத் தேர்வில் 'விடை' என்று தனியாக மதிப்பெண் ஒதுக்கும்வரை மாணவர்கள் இதைத்தான் செய்வார்கள். அளவீட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள், பிழையைக் கண்டுபிடித்தால் கொடுங்கள், ஏன் இப்படி வந்தது என்று இரண்டு வரி எழுதினால் கொடுங்கள். எல்லோருக்கும் முன்பே தெரிந்த எண்ணை மீண்டும் எழுதிக் காட்டுவதற்கு எதற்கு மதிப்பெண்? என் ஆசிரியரைப் போல ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. ஒரு வகுப்பில் அறுபது நோட்டு இருக்கும்போது அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

வகுப்பறையில் அந்த ஒற்றைக் கோடு வேறு வடிவத்தில் வந்தது. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவோம். நானும் ஆட்டுவேன். புரியவில்லை என்று சொல்வதற்கு எழுந்து நிற்க வேண்டும். எழுந்தால் அறுபது தலைகள் திரும்பும். இரண்டாம் பருவத்தில் ஒருநாள் வெப்ப இயக்கவியல் வகுப்பில் என் தோழி எழுந்து, "சார், என்ட்ரோபி என்றால் என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சூத்திரம் தெரியும், அது என்னவென்று தெரியவில்லை" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நாங்கள் எத்தனை பேர் அன்று குனிந்து மும்முரமாக எழுதிக்கொண்டோம் தெரியுமா? ஒருவருக்குமே புரிந்திருக்கவில்லை. நான்கு வாரமாகத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அவளோடு சேர்ந்து படிப்பது சுலபமாக இருக்கவில்லை. புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டு "முடித்துவிட்டேன்" என்பேன். உடனே அவள் என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிட்டு, வெற்றுத் தாள் ஒன்றைக் கொடுப்பாள். "எழுது." படிக்கும்போது பளிச்சென்று தெரிந்தது, தாளைப் பார்த்தவுடன் காணாமல் போய்விடும். எரிச்சலாக வரும். பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது இப்படி விளையாடுகிறாளே என்று கோபித்துக்கொண்டு ஒருமுறை தனியாகப் போய்ப் படித்தேன். அந்தத் தாளில்தான் என் மதிப்பெண் மிகவும் குறைந்தது.

பிற்பாடு, 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அவளை நினைத்துக்கொண்டேன். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது. ஒரே ஒரு அமர்வில் மட்டும் படித்துவிட்டு, பார்க்காமல் எழுதி எழுதிப் பழகியவர்களுக்கு 61 சதவீதம் இருந்தது. இன்னொன்றும் உண்டு. நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்தால்தான் தனக்குத் தெரியாதது எதுவென்று தெரிகிறது. அது பிடிக்காமல்தான் நான் ஓடினேன்.

இரண்டாம் ஆண்டில் கணித இயற்பியல் தாளில் தோற்றேன். 31 மதிப்பெண். அரியர். பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்குள்ளேயே வந்து பழகியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முடிவு வந்த அன்று வீட்டுக்குப் போன் செய்து, "எல்லாம் நன்றாக வந்திருக்கிறது" என்றேன். மூன்று வாரம் அந்தப் பொய்யோடு திரிந்தேன். அப்பா போன் செய்யும்போதெல்லாம் படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினேன். அவர் குரல் வழக்கம்போல இருந்ததுதான் என்னை அதிகம் வதைத்தது.

மறுதேர்வுக்குக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாள் நெருங்கியது. வேறு ஏதாவது காரணம் சொல்லிப் பணம் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனத்துக்குள் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன். போனை எடுத்ததும் அந்த வாக்கியம் வரவில்லை. "அப்பா, கணிதத்தில் போய்விட்டது. அன்று உங்களிடம் பொய் சொன்னேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தெரியும் அம்மா" என்றார். முடிவு வந்த அன்றே கல்லூரியின் இணையப் பக்கத்தில் என் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று வாரமாக நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

மதிப்பெண் பட்டியலில் அந்த 31 இன்றும் இருக்கிறது. அடுத்த முயற்சியில் வாங்கிய 68-ம் இருக்கிறது. முதல் எண்ணைக் காட்டாத பட்டியல் கிடைக்குமா என்று அந்தக் காலத்தில் ஏங்கியிருக்கிறேன். இப்போது இரண்டும் ஒரே தாளில் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

திருத்த முடியாதது ஒன்று உண்டு. விடுதியில் என் அறைக்கு எதிர் அறையில் ஒருத்தி இருந்தாள். கலகலப்பானவள். இரண்டாம் ஆண்டு நடுவில் வகுப்புக்கு வருவது குறைந்தது. கதவு மூடியே இருந்தது. உடம்புக்கு முடியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். தேர்வு நேரம். இரண்டு முறை கதவருகே போய்விட்டு, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று திரும்பியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் அவள் அண்ணன் வந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டாள். என்ன நடந்தது என்று எங்கள் மாடியில் யாருக்கும் தெரியவில்லை. பதினெட்டு அடி தூரத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். "என்ன ஆயிற்று?" என்ற இரண்டு சொற்களைக் கேட்க எனக்கு இரண்டு மாதம் இருந்தது, கேட்கவில்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் எழுதப் போவதில்லை. அன்றிலிருந்து யார் கதவாவது நெடுநேரம் மூடியிருந்தால் தட்டிவிடுகிறேன். தொந்தரவாக இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

படித்த பாடங்கள் எவ்வளவு நினைவில் இருக்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. மிகக் குறைவு. 1885-ல் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் மறதியைத் தானே அளந்து வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்துவிட்டு, நாள் கழித்து அவற்றையே மீண்டும் மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மறதி எவ்வளவு வேகம் என்பதற்கே எல்லோரும் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அந்த ஐந்தில் ஒரு பங்குதான் பெரிதாகப் படுகிறது. பொருளே இல்லாத அசைகள், ஒரு மாதம் கழித்தும் இரண்டாம் முறை சீக்கிரம் வருகின்றன! வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிழைப் பகுப்பாய்வை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. எல்லாம் மறந்துபோயிருந்தது. ஆனால் முதல்முறை மூன்று மாதம் பிடித்தது, இம்முறை இரண்டு வாரத்தில் வந்துவிட்டது.

நான் இப்போது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அழுத்தமானி, வெப்பமானி, எடைக்கற்கள், மைக்ரோமீட்டர். தொழிற்சாலைகளிலிருந்தும் மருந்துக் கூடங்களிலிருந்தும் வரும். எங்கள் துறையில் ஒரு நடைமுறை இருக்கிறது. ஒரு கருவி பிசகியிருந்தால் உடனே திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடக் கூடாது. முதலில் அது எவ்வளவு பிசகியிருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். பிறகு சரிசெய்து, மீண்டும் அளந்து எழுத வேண்டும். இப்படி எடுத்த இரண்டு அளவுகளையும் சான்றிதழில் தர வேண்டும் என்று, இத்தகைய ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025-ம் சொல்கிறது. முதல் அளவு எதற்கு, அதுதான் சரிசெய்தாயிற்றே என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். அந்தக் கருவியை நம்பி இத்தனை மாதம் ஒரு கொதிகலனை ஓட்டியிருக்கிறார்கள், ஒரு மருந்தைக் கலந்திருக்கிறார்கள். அது எவ்வளவு பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? முதல் அளவை அழித்துவிட்டால் தவறாகக் கலந்த மருந்தை யாரும் திரும்பப் போய்த் தேட மாட்டார்கள்.

எங்கள் ஆய்வகத்திலும் பென்சில் கிடையாது. வெள்ளை மை கிடையாது. பிழையானால் ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், கையொப்பச் சுருக்கம், தேதி. முதல் நாள் பயிற்சியில் இதைச் சொன்னபோது சிலர் இது என்ன கெடுபிடி என்று முணுமுணுத்தார்கள். எனக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது.

சென்ற மாதம் வீடு மாற்றும்போது அந்த அப்சர்வேஷன் நோட்டு கிடைத்தது. அட்டை கிழிந்து, ஓரங்கள் பழுப்பேறியிருந்தது. தோழிக்குப் போன் செய்து சொன்னேன். "அந்தப் பக்கம் இருக்கிறதா?" என்று முதலில் அதைத்தான் கேட்டாள். இருந்தது. 28.38-இன் மேல் நீல மையில் ஒற்றைக் கோடு, பக்கத்தில் 29.0 என்று என் கையெழுத்து, கீழே ஆசிரியரின் பச்சைக் கையெழுத்து. எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய வரைபடத் தாளில் மூலையைத் தாண்டி இடப்பக்கம் போகும் அந்தக் கோடு.

"தாளைச் சாய்த்துப் பார்" என்றாள்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேசை விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினேன். தாளைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். மைக்கு அடியில், பேனா போகாத ஒரு தடத்தில் நிழல் விழுந்தது. முதலில் 2-இன் வளைவு, பிறகு 9.

"தெரிகிறதா?"

"தெரிகிறது. ஆறு எண்களும் இருக்கின்றன" என்றேன். படிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகப் படித்தேன்.